வண்ணத்தில் திருமேனி வகுத்தவர்: ஓவியர் சி. கொண்டையராஜு

சிவமயம்

திருக்கோயில் என்பது கல்லாலும் சுதையாலும் மரத்தாலும் செம்பாலும் இயன்ற ஓர் உடம்பு. அவ்வுடம்பில் இறைவன் எழுந்தருளுமாறு செய்பவர் ஆசாரியர். ஆயின், ஆசாரியர் மந்திர நீர் சொரிதற்கு முன்னரே அவ்வுடம்பை அமைத்து நிறுத்துபவர் கலைஞர். குடமுழுக்கு நாளிலே கோபுரக் கலசத்தின்மேல் விழும் நன்னீரைக் கண்டு கைகூப்புவோர் பல்லாயிரவர். அக்கலசத்தை வார்த்தவர் யாவர், அதன் கீழ் நிற்கும் சுதையுருவங்களுக்கு வண்ணம் தீட்டியவர் யாவர் என எண்ணுவோர் சிலர். விழா முடிந்த மறுநாள் அக்கலைஞர் எத்தொழில் செய்து தம் குடியைப் புரப்பர் என எண்ணுவோர் அவரினும் சிலர்.

சங்கரன்கோவில் இவ்வெண்ணத்திற்கு மிகவும் இயைந்த தலம். கோமதியம்மை தவங்கிடந்து, அரனும் அரியும் ஒருவரே என்னும் உண்மையை ஒரே திருமேனியிற் கண்ட திருத்தலம் அது. சங்கன், பதுமன் என்னும் நாகவரசர் இருவரின் வழக்கைத் தீர்க்க, வலப்பாகம் சிவனும் இடப்பாகம் திருமாலுமாக இறைவன் காட்சி தந்தான் என்பது தலவரலாறு. ஆடித்தபசு நாளில் அக்காட்சியைக் காணப் பெருந்திரள் கூடுகின்றது. தத்துவம் சொல்லுதல் எளிது; ஒரு முடியிலே பாதி சடையும் பாதி மகுடமும், ஒரு மார்பிலே பாதி அரவும் பாதி துழாயும் முரணின்றிப் பொருந்துமாறு அமைத்தல் அரிது. அத்தத்துவத்தை எழுத்தறியாதாரும் ஒரு நோக்கில் உணருமாறு செய்தது கலைஞனின் கையே.

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே செல்லும் நெடுவழியில் கழுகுமலை உள்ளது. ஆங்கு 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பியர் ஒரு பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கி வெட்டுவான் கோவிலை வகுத்தனர். சிகரமும் அதனைச் சூழ்ந்த உருவங்களும் நிறைவெய்தின. அடிப்பகுதி முற்றுப்பெறாமலே பணி நின்றது. உமையொருபாகனும், ஆடும் பூதகணங்களும் இன்றும் உயிர்ப்போடு நிற்க, அவற்றை வடித்தோர் பெயர் கல்லிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை.

அவ்வழியே மேலும் சென்றால், செண்பகவல்லியம்மையும் பூவனநாதரும் எழுந்தருளியுள்ள கோவில்பட்டியை அடையலாம். கரிசல் நிலம் சூழ்ந்த அந்நகரில் வாழ்ந்து, கல்லும் உளியும் இன்றித் தாளிலும் தூரிகையிலும் தெய்வத் திருமேனிகளை வகுத்து, தென்னாட்டின் எண்ணிறந்த இல்லங்களில் அவற்றைக் குடியேற்றிய பெருங்கலைஞர் ஒருவர் உண்டு. அவரே ஓவியர் சி. கொண்டையராஜு ஆவர்.

தோற்றமும் பயிற்சியும்

கொண்டையராஜு அவர்கள் 1898-ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரில் தோன்றினார். கபாலீச்சரத்தின் கோபுர நிழலும், அறுபத்துமூவர் திருவுலாவும் உள்ள ஊர் அது. வளர்ந்தபின் சென்னைக் கலைப்பள்ளியிற் சேர்ந்து ஓவியம் பயின்றார். அப்பள்ளி 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவரால் தொடங்கப்பெற்றது. வரைதல், உலோக வேலை, மரவேலை முதலியன ஆங்குக் கற்பிக்கப்பெற்றன. ஒளி ஒருபால் விழ மறுபால் நிழல் படிவதும், அண்மையில் உள்ளது பெரிதாகவும் சேய்மையில் உள்ளது சிறிதாகவும் தோன்றுவதும், உடலின் எலும்பும் தசையும் அமைந்த முறையும் மேனாட்டு நெறிப்படி மாணவர்க்குப் புகட்டப்பெற்றன.

பயிற்சி சிறந்ததே, பயின்றபின் பிழைப்புக்கு வழி யாது என்பதே வினா. முற்காலத்தில் ஓவியனையும் சிற்பியையும் அரசர் புரந்தனர். அரசர்க்குப் பின் சமீன்தார்கள் புரந்தனர். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்திற் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரை ஊற்றுமலைச் சமீன் ஆதரித்தமையால் அன்றோ கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து தோன்றிற்று! 20-ஆம் நூற்றாண்டில் அந்நிலை தளர்ந்தது. 1948-இல் சமீன் ஒழிப்புச் சட்டமும் இயற்றப்பெற்றது. கலைப்பள்ளியிற் பயின்றோர்க்கு எஞ்சியவை பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் வேலை, செல்வர் மனையில் உருவப்படம் எழுதும் வேலை, அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை ஆகிய சிலவே. இம்மாறுதற் காலத்திலேதான் கொண்டையராஜு தூரிகையைக் கையில் எடுத்தார்.

அருணையில்

அவர் உள்ளம் இளமையிலேயே துறவின்பாற் சாய்ந்தது. திருவண்ணாமலையில் இரமண மகரிஷிகளின் புகழ் பரவிய காலம் அது. 1896-இல் இளைஞராக அருணையை அடைந்த மகரிஷிகள், 1922-இல் அன்னையார் சமாதியெய்திய பின் மலையிலிருந்து இறங்கி, அச்சமாதியை அடுத்துத் தங்கினார். ஆசிரமமும் அவ்விடத்தே வளர்ந்தது. அந்த அருள்நிழலை நாடிச் சென்றவருள் கொண்டையராஜுவும் ஒருவர்.

எனினும் அருணையிலேயே அவர் வாழ்வு முடிந்திலது. உலகைத் துறக்கச் சென்றவர் தூரிகையைத் துறவாமல் மீண்டார். துறவு நாடிய உள்ளத்தோடு தொழிலை மேற்கொண்டார் என்பதே அவர்தம் பிற்கால வாழ்க்கையை விளக்கும் திறவுகோல். சைவ நன்னெறிக்கு இது புதிதன்று. திருநீலகண்டர் மட்கலம் வனைந்தார். திருக்குறிப்புத்தொண்டர் ஆடை வெளுத்தார். நேசர் அறுவை நெய்தார். அவர் ஒருவரும் தம் தொழிலை விட்டு வீடுபேற்றைத் தேடினாரல்லர். தொழிலே தொண்டாயிற்று, தொண்டே வழியாயிற்று.

நாடகத் திரைகள்

அருணையினின்று மீண்டபின் கொண்டையராஜுவுக்கு வாழ்வளித்தது நாடகக் கொட்டகை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியதன் பின், சிறுவர்களைக் கொண்டு நடத்தும் நாடகக் குழுக்கள் தமிழ்நாடெங்கும் மல்கின. அவை ஊர்தோறும் சென்று கொட்டகையிட்டுப் புராண நாடகங்களை நடத்தின. நடிகரும் பாடகரும் போன்றே அவற்றுக்கு இன்றியமையாதவர் திரை எழுதும் ஓவியர். அரசவை, நந்தவனம், அடர்காடு, கடைத்தெரு, கயிலைமலை என ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு படுதா வேண்டும்; முகப்பில் தொங்கும் திரையிலோ தெய்வவுருவம் ஒன்று விளங்கவேண்டும்.

திரை எழுதுதல் உடலை வருத்தும் தொழில். துணியை விரித்துச் சுண்ணப்பூச்சிட்டு, பொடிவண்ணங்களை வச்சிரப் பசையோடு குழைத்து, நின்றும் குனிந்தும் பலநாள் எழுதவேண்டும். கண்ணருகே வைத்து நோக்கும் நுண்மை ஆங்குப் பயன்படாது. விளக்கொளியில், கொட்டகையின் கடைசி வரிசையில் மண்மேல் அமர்ந்திருப்பவனுக்கும் இன்ன தெய்வம் என விளங்கவேண்டும். அதற்கு வண்ணம் செறிந்திருத்தல் வேண்டும். கோடு தெளிந்திருத்தல் வேண்டும். முகம் காண்போரை நேர்நோக்க வேண்டும். மழை பெய்தால் திரை நனையும். அடுத்த ஊர் சேர்ந்தபின் மீண்டும் எழுதவேண்டும். குழு கலைந்தாலோ, எழுதிய திரை கிழிந்து மறையும். எழுதியவன் பெயர் அதற்கும் முன்னே மறையும்.

கலைப்பள்ளியில் முறையாகப் பயின்ற ஒருவர் இதனை இழிந்த வேலை எனக் கருதியிருத்தல் கூடும். கொண்டையராஜு அங்ஙனம் கருதினாரல்லர். கலைப்பள்ளி அவர்க்கு ஒளியையும் நிழலையும் கற்பித்தது. கொட்டகையோ மக்கள் கண்ணுக்கு எது எட்டும் என்பதைக் கற்பித்தது. பின்னாளில் அவர் எழுதிய தெய்வப் படங்களில் தூணும் மண்டபமும் தொங்கலும் திரைச்சீலையும் அமைந்த பாங்கு, அவர் நாடகக் கொட்டகையில் உழைத்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்பதற்குச் சான்று.

கோவில்பட்டியில்

1931-இல் தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் வெளிவந்தது. அதன்பின் பேசும்படங்கள் பெருகப் பெருக, நாடகக் குழுக்களுக்கு வருவாய் சுருங்கிற்று. பல குழுக்கள் சென்ற ஊரிலேயே கலைந்தன. நடிகருட் சிலர் படத்துறைக்குச் சென்றனர். திரை எழுதியோர் கதியற்று நின்றனர். 1940-களின் தொடக்கத்தில் கொண்டையராஜுவின் நாடக வாழ்வும் முடிவுக்கு வந்தது. அவர் நிலையாகத் தங்கிய ஊர் கோவில்பட்டி.

நாற்பது வயதைக் கடந்தவர், அரசர் ஆதரவு இல்லை, நாடகமும் இல்லை, வந்து தங்கியதோ பருத்தியும் தீப்பெட்டியும் விளையும் வணிக நகர். இந்நிலையில் அவர் தொடங்கியது புகைப்பட நிலையம். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் பெயரோடு அது வழங்கிற்று. அந்நாளைப் புகைப்படம் கருமையும் வெண்மையுமே உடையது. அதில் உள்ள குறைகளைக் கூர்ந்த தூரிகையால் திருத்தலும், கன்னத்திற்கும் பட்டாடைக்கும் வண்ணமேற்றலும், படம் எடுப்போர் பின்னே தொங்கும் திரையில் மாளிகையும் பூங்காவும் எழுதலும் ஓவியம் வல்லார்க்கே கைவரும். திருமணக் கோலத்தில் நிற்கும் இளையோரும், மறைந்த தந்தையின் மங்கிய படத்தைப் பெரிதாக்கி மாட்ட விரும்பும் மைந்தரும் அத்தகைய நிலையங்களை நாடி வந்த காலம் அது.

உற்று நோக்கின், இங்கும் கலை கைவிடப்பெறவில்லை. முகத்தை நோக்கி நோக்கித் திருத்துபவனுக்கு முகத்தின் மறையெல்லாம் தெரியும். அருளும் கருணையும் எந்த வரையில் தங்குகின்றன, இமை எவ்வளவு தாழ்ந்தால் நோக்கு கனிகின்றது என்பவற்றை அவன் அன்றாடம் அறிகின்றான். வயிற்றுக்காகச் செய்த தொழில் ஒவ்வொன்றும் பின்னர்த் தெய்வவுருவம் எழுதுதற்குப் பயிற்சியாயிற்று.

நாட்காட்டிப் படங்கள்

கோவில்பட்டிக்கு வடக்கே சிவகாசி உள்ளது. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, 1920-களில் அவ்வூரில் அத்தொழிலை நிறுவினர். தீப்பெட்டிக்கும் வாணத்திற்கும் முகப்புச் சீட்டு வேண்டுமாதலின் அச்சுத்தொழிலும் உடன் வளர்ந்தது. முகப்புச் சீட்டு அச்சிட்ட பொறிகள் பின்னர் நாட்காட்டிகளை அச்சிடத் தொடங்கின. துணிக்கடை, நகைக்கடை, எண்ணெய்க்கடை, மளிகைக்கடை ஆகியன தம் வாடிக்கையாளர்க்கு ஆண்டுதோறும் நாட்காட்டி வழங்குதல் வழக்கமாயிற்று. மேலே தெய்வப் படம், நடுவே கடையின் பெயர், கீழே நாட்களைக் காட்டும் தாள் என்பது அதன் அமைப்பு.

அப்படத்தை எழுதவல்லார் யாவர் என அச்சகத்தார் தேடியபோது, அணித்தே கோவில்பட்டியில் கொண்டையராஜு இருந்தார். மீனாட்சி திருக்கல்யாணம், வள்ளி தெய்வயானையோடு விளங்கும் முருகன், திருமகள், கலைமகள் என அவர் தூரிகையில் தோன்றிய உருவங்கள் சிவகாசிப் பொறிகளின் வழியே பல்கிப் பெருகித் தமிழ்நாடெங்கும் பரவின. தமிழர் வாழும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றன.

அவர்க்கு முன்னரே இரவிவர்மர் 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களை இல்லந்தோறும் பரப்பினார். ஆயினும் இருவர்க்கும் வேறுபாடு உண்டு. இரவிவர்மரின் தெய்வங்கள் இயற்கைச் சூழலிலே மாந்தரைப்போல் நிற்பர். கதையொன்றின் நடுவே அவரைக் கண்டது போன்ற உணர்வே மிகும். கொண்டையராஜுவின் தெய்வங்களோ கருவறையில் அலங்காரம் முடிந்து திரை விலகிய கணத்தில் தோன்றுவதுபோல் அடியாரை நேர்நோக்கி நிற்பர். மாலையும் மகுடமும் மணியணியும் கோயிலில் கண்டவாறே திகழும். அபயம் காட்டும் கை அடியாரை நோக்கியே உயரும். தஞ்சை ஓவியத்தின் பொலிவும், நாடகத் திரையின் தெளிவும், கலைப்பள்ளியில் கற்ற ஒளிநிழல் நுட்பமும் ஒன்றாயின. வேல் எக்கையில், மயில் எப்பக்கம், தேவியர் எவர் எப்புறம் என்னும் முறைமை வழுவாமல் அவர் எழுதினமையால், பூசையறையில் வைத்து வழிபடுதற்கு அப்படங்கள் உரியனவாயின.

காலத்தையும் எண்ணுதல் வேண்டும். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் எல்லாக் குலத்தாரும் புகுந்து வழிபட வாயில் திறந்தது 1939-ஆம் ஆண்டில். அதற்கு முன் பல தலைமுறையினர் கோபுரத்தைப் புறத்தே நின்று தொழுதனர். உள்ளே எழுந்தருளிய அம்மையின் திருமுகம் எத்தகையது என அறியாமலே மடிந்தனர். அவ்வாயில் திறந்த தலைமுறையிலேயே, மளிகைக்கடையில் உப்பும் புளியும் வாங்கச் சென்ற ஏழைக்கும் மீனாட்சியின் திருமணக் கோலம் கையிற் கிடைத்தது. காசு கொடுத்துப் பெறவேண்டியதில்லை. இன்னார் பெறலாம், இன்னார் பெறலாகாது என்னும் தடையும் இல்லை. ஓலைக்குடிசையின் மண்சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டியவுடன் அது திருமுன்னாயிற்று. அதன் கீழே விளக்கொன்று எரிந்தது.

கொண்டையராஜு தனியே உழைத்தவரல்லர். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலிய மாணவரை உடன்வைத்துப் பயிற்றினார். அவர்களும் நாட்காட்டி ஓவியராகப் பெயர் பெற்றனர். ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்து பொறித்த படங்களும் உள்ளன. தாம் ஊர் ஊராக அலைந்து கண்டறிந்த வாழ்வழியை மாணவர்க்கு உரிமையாக்கினார். வெட்டுவான் கோவிலை வடித்தோர் பெயரின்றி மறைய, இவர்தம் மாணவரோ தம் பெயரைத் தம் படத்தின் கீழே எழுதினர். 1976-ஆம் ஆண்டில் கொண்டையராஜு இறைவனடி எய்தினார்.

ஓர் ஐயமும் விடையும்

இவ்விடத்தே ஓர் ஐயம் எழும். கடையின் பெயரோடும் விலைப்பொருளோடும் தெய்வவுருவத்தைச் சேர்த்து அச்சிடுதல் தகுமோ? ஆண்டு முடிந்தவுடன் அத்தாள் குப்பையிற் சேராதோ? கூலிக்கு எழுதிய படத்தில் பத்தி எங்ஙனம் தங்கும்?

ஐயம் நியாயமானதே; தெய்வவுருவம் மிதிபடக் காணும்போது உள்ளம் வருந்தாதார் இலர். எனினும் மக்கள் செய்தது யாது என நோக்குக. ஆண்டு முடிந்தபின் நாள்தாளை நீக்கி, கடையின் பெயரை வெட்டிக் களைந்து, படத்தைமட்டும் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசைக்கு வைத்தோர் எண்ணற்றோர். வணிகன் சேர்த்ததை அடியார் பிரித்தனர். சங்கரன்கோவிலில் புற்றுமண்ணைத் திருநீறுபோல் நெற்றியில் இட்டுக்கொள்வோர்க்கு, மண் என்பது ஒன்று, அருள் என்பது ஒன்று எனப் பிரித்தறியத் தெரியாதா? பொருள் எத்துணை எளியதாயினும், அன்பு பற்றியவிடத்து அது உயர்வெய்தும்.

கூலி பற்றிய வினாவுக்குப் பூசலாரும் காடவர்கோனும் விடை தருவர். கச்சியில் காடவர்கோன் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்தான். திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்றி மனத்தினுள்ளே கோயில் எடுத்தார். இறைவன் மனக்கோயிலுக்கு முதலில் எழுந்தருளினான். இவ்வரலாற்றைக் கேட்போர் பூசலாரைப் போற்றுவர், அது முறையே. ஆயின் பூசலாரும் தம் மனக்கோயிலுக்குத் தச்சரையும் கல்லையும் நினைவிலேயே தேடிச் சேர்த்தார் என்பதை மறத்தலாகாது. கலைஞனின்றி மனத்திலும் கோயில் எழாது. அக்கலைஞன் உண்ணவேண்டும், அவன் மனைவி மக்கள் உண்ணவேண்டும். கூலி பெறுவதால் பத்தி குறையாது. கூலி மறுக்கப்படுமிடத்தே குறைவது கொடுப்போரின் அறம்.

திரை எழுதினார், புகைப்படம் திருத்தினார், நாட்காட்டி எழுதினார். எதனையும் தம் தகுதிக்குக் குறைவெனத் தள்ளாமையால் கொண்டையராஜுவின் கலை வாழ்ந்தது. அவ்வாறு வாழ்ந்தமையால் அன்றோ, கோயில் செல்ல இயலாத முதியோரும், கடல்கடந்து சென்ற கூலித்தொழிலாளரும் நாள்தோறும் கண்விழித்து அம்மையப்பர் முகத்திற் காலையைக் கண்டனர்!

புரப்போர் கடன்

இன்று ஒவ்வொரு திருக்கோயிலிலும் குடமுழுக்குக்கு முன் ஸ்தபதியரும் சுதைவேலை செய்வோரும் வண்ணந்தீட்டுவோரும் உயரமான சாரத்தின்மேல் வெயிலில் நின்று உழைக்கின்றனர். குடமுழுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வது மரபு. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் வாழவேண்டும். கல்யாண மண்டபத்துக்குத் தூண் ஒப்பனை செய்தும், கடைப்பலகை எழுதியும், விழாப் பந்தலுக்கு முகப்பு அமைத்தும், களிமண் பொம்மை வனைந்தும் அவர்கள் கைத்திறனைக் காத்துவருகின்றனர். அவ்வேலைகளை எள்ளி நகைத்தல் கூடாது. அவையே உளி துருப்பிடியாமல் காப்பன. அவையே அடுத்த குடமுழுக்குக்குக் கலைஞரைக் காத்துத் தருவன.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் கல்லுக்கும் செம்புக்கும் கணக்குப் பார்ப்பதுபோல் கைக்கும் கணக்குப் பார்த்தல் வேண்டும். பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுத்தல் வேண்டும். நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் கல்லில் உருவம் வடித்தவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குதல் வேண்டும். குடமுழுக்கு நாளில் ஸ்தபதியர்க்கு ஆடையும் சம்பாவனையும் அளித்துப் போற்றும் பழைய மரபை, சாரத்தில் நின்ற கடைசி வண்ணக்காரன் வரை விரித்தல் வேண்டும். அவன் மகன் தூரிகையைக் கையில் எடுப்பானா, கீழே வைப்பானா என்பது அந்நாளில் அவன் காணும் மதிப்பைப் பொறுத்தது.

வலத்தே அரனும் இடத்தே அரியுமாய் நிற்கும் சங்கரநாராயணப் பெருமானும், தவத்தால் அக்காட்சியை உலகுக்கு ஈந்த கோமதியம்மையும், திருமேனி வகுக்கும் கைகளையும் அக்கைகளைப் புரக்கும் கைகளையும் ஒருங்கே காத்தருள்வார்களாக.

திருச்சிற்றம்பலம்